அரிகிருஷ்ணனின் இரண்டு விலா எலும்புகள்

தபீதாளும் அரிகிருஷ்ணனும் பேச்சை நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மேற்கே பிரிகிற அந்தத் தெருவில் முதலில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் தபீதாளும் அவள் கணவர் சுந்தர்சிங்கும்தான். விற்றவர் அரிகிருஷ்ணன். அதுவரை அங்கே நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்தார். விற்கும்போது பன்னிரண்டடிப் பாதை என்று வாயால் சொன்னது, வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று ஏழடியாக நின்றது. மீதி ஐந்தடியில் கத்திரியும் வெண்டையும் வைத்து, தன் வீட்டுப் பின்புறத்து போர் மோட்டாரிலிருந்து தண்ணீர் பாய்ச்சினார். பாய்ந்ததில் பாதி பாதையில் தேங்கியது.

சுந்தர்சிங் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் வாத்தியார். வகுப்பறைக்கு வெளியே குரலை உயர்த்திப் பழகாதவர். காலை ஆறரைக்கெல்லாம் பஸ் பிடித்துப் போய்விடுவார். ஆகவே சேற்றைப் பற்றிக் கேட்கிற வேலை தபீதாள் தலையில் விழுந்தது. போன வருஷம் ஒரு தடவை கேட்டாள். அது கூச்சலில் முடிந்தது. அன்றிலிருந்து அரிகிருஷ்ணனின் மனைவி பச்சையம்மாகூட இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தபீதாளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தாம்பரத்தில் ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊழியர்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெயர் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றார்கள். யாரும் கொடுக்கவில்லை, இவள் கொடுத்தாள். எட்டு சனிக்கிழமை. கட்டுப் போடுவது, எலும்பு முறிந்தால் சிம்பு வைப்பது, பாம்புக்கடி என்று போய், ஏழாவது வாரம் இதயம் நின்றவருக்குச் செய்யவேண்டியது வந்தது. அதற்கென்று இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். இருபத்தாறு பேருக்கு ஒரே பொம்மை. ஆளுக்கு இரண்டு நிமிஷம். சரியான இடத்தில் சரியான ஆழம் அமுக்கினால் பக்கத்துப் பெட்டியில் பச்சை பல்பு எரியும். தபீதாளுக்கு முதல் நிமிஷம் பூராவும் பல்பு எரியவில்லை.

"மாவு பிசையறீங்க மேடம். கையால அமுக்காதீங்க, முழங்கைய நேரா வச்சு உடம்ப மேல சாய்ங்க" என்றார் வகுப்பெடுத்தவர். இரண்டாவது நிமிஷம் நாலைந்து தடவை எரிந்தது. அவ்வளவுதான், அடுத்த ஆள் வந்துவிட்டார்.

பிறகு ரயில்வே கோட்ட அளவில் ஒரு முதலுதவிப் போட்டி. அதில் பொம்மை கிடையாது. நிஜ ஆள் ஒருவர் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். உயிருள்ளவர் நெஞ்சை அமுக்கக் கூடாது என்பதால், கையை உரிய இடத்தில் மேலாக வைத்துக்கொண்டு வாயால் எண்ணினால் போதும். தபீதாளின் குழுவுக்கு இரண்டாம் பரிசு. கையை எங்கே வைக்கவேண்டும் என்பது அவளுக்கு ஒரு விரற்கடை பிசகாமல் தெரியும். கைக்குக் கீழே ஒரு மனிதனின் நெஞ்சு எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. எட்டரை மணி டியூட்டிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு அவள் கேட்டைத் திறந்தபோது பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டாவது அடியில் செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அரிகிருஷ்ணன் வீட்டுப் பின்புறத்துக்குப் போனாள்.

அவர் வெற்றுடம்போடு, வேட்டியை மடித்துக் கட்டி, வரப்பை மண்வெட்டியால் திறந்துகொண்டிருந்தார். வாயில் வெற்றிலை. ஐம்பத்தெட்டு வயதுக்கு நல்ல கட்டான உடம்பு.

"அண்ணா, நான் டியூட்டிக்குப் போறவ. தினமும் இந்தச் சேத்துல எறங்கித்தான் போகணுமா?"

அவர் நிமிரவில்லை. "பூமி என்னுது, தண்ணி என்னுது. நீ பறந்து போ."

"ஒரு சின்ன வாய்க்கா வெட்டி விட்டா போதும். அரை மணி நேர வேலை."

"ஒன் வூட்டுக்காரர வெட்டச் சொல்லு. வாத்தியாரு சாக்பீஸ் மட்டும்தான் புடிப்பாரா?"

தபீதாளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பஞ்சாயத்து போர்டில் எழுதிக் கொடுப்பேன் என்றாள். மோட்டாரை இப்போதே நிறுத்த வேண்டும் என்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்தணுமா? நிறுத்திட்டு மறுக்கா போடறேன். பாத்துகினு நில்லு" என்று அரிகிருஷ்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மோட்டார் அறைக்கு நடந்தார். அறை என்றால் நாலடிச் சுவரும் மேலே ஒரு தகரமும். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. வெறுங்காலோடு தண்ணீரில் நின்று, ஈரக் கையால் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் நின்றது. தபீதாளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் ஓடியது. அவர் தொண்டையிலிருந்து இருமல் பாதியில் நின்றது போல ஒரு சத்தம் வந்தது. உடம்பு விறைத்தது. பிறகு மல்லாந்து சேற்றில் விழுந்தார்.

வழுக்கிவிட்டார் என்றுதான் தபீதாள் முதலில் நினைத்தாள். எழுந்து இன்னும் சத்தமாகத் திட்டப்போகிறார் என்று ஒரு கணம் காத்துக்கூட இருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. வெற்றிலைச் சாறு வாயோரமாக வழிந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஓடிப்போய்த் தொடக் காலெடுத்தவள் தண்ணீரைப் பார்த்து நின்றாள். கை பெட்டியை விட்டு விலகியிருந்தாலும் அவர் கிடந்தது ஈரத்தில். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பின்வாசல்படியில் பச்சையம்மா ஒரு குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு உறைந்து நின்றாள்.

"அக்கா, உள்ள போய் பீஸ் கட்டையப் புடுங்குங்க. எல்லாத்தையும் புடுங்குங்க."

பச்சையம்மா அசையவில்லை. தபீதாள் எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக, இன்னொரு தடவை சொன்னாள். குண்டான் கீழே விழுந்தது. பச்சையம்மா உள்ளே ஓடினாள். மோட்டார் சத்தம் இறங்கி நின்றதும் தபீதாள் சேற்றில் இறங்கினாள்.

சேற்றில் வைத்து அமுக்கினால் உடம்பு கீழே புதையுமே தவிர நெஞ்சு அமுங்காது. அக்குளில் கைகொடுத்து அவரை இழுத்தாள். துணி துவைக்கிற சிமென்ட் தளம் ஆறடி தூரத்தில் இருந்தது. எப்படி அவ்வளவு கனத்தை இழுத்தாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இரண்டு விரலை வைத்து, பத்து எண்ணும் வரை பொறுத்தாள். ஒன்றும் இல்லை.

வாய்க்குள் விரலை விட்டு வெற்றிலைச் சக்கையை வழித்து எறிந்தாள். நெற்றியைப் பின்னால் தள்ளி, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, தன் வாயை அவர் வாயில் வைத்து ஊதினாள். புகையிலை வாடை தொண்டைவரை வந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னொரு தடவை ஊதினாள். கழுத்தில் இன்னும் துடிப்பு இல்லை.

முட்டி போட்டு உட்கார்ந்தாள். விலாவின் கீழ்விளிம்பைத் தடவிக்கொண்டே போய், இரண்டு பக்கத்து விலாவும் நடுவில் சேருகிற குழியைக் கண்டுபிடித்தாள். அதற்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு, நடு எலும்பின் மேல், வலது உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்தாள். அதன் மேல் இடது கை. விரல்களைக் கோத்து, விலாவில் படாமல் தூக்கிக்கொண்டாள். தோள் இரண்டும் கைக்கு நேர் மேலே. வியர்வையில் கை வழுக்கியது. தன் முந்தானையால் அவர் நெஞ்சைத் துடைத்துவிட்டு மறுபடியும் குழியைத் தேடி, மறுபடியும் வைத்தாள்.

முதல் நாலைந்து தடவை தோல்தான் அசைந்தது. வலிக்கும் என்று கை தயங்கியது. செத்துக்கொண்டிருப்பவருக்கு என்ன வலி என்று தன்னையே அதட்டிக்கொண்டு, முழங்கையைப் பூட்டி, முழு உடம்பையும் மேலே சாய்த்தாள். ஆறாவது அமுக்கில் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ களுக்கென்று விட்டுக்கொடுத்தது. காதில் விழுந்ததா, கையில் உணர்ந்ததா, தெரியவில்லை. எலும்பு முறிந்தால் கை நழுவியிருக்கிறதா என்று பார், நிறுத்தாதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பார்த்தாள். கை இருந்த இடம் சரி. மேற்கொண்டு அமுக்கினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். நெஞ்சு ஒன்றரை அங்குலம் கீழே போய், முழுதும் மேலே வந்தபிறகுதான் அடுத்தது. பதினைந்து முடிந்ததும் இரண்டு மூச்சு. திரும்பவும் பதினைந்து.

பச்சையம்மா வந்து தலைமாட்டில் குந்தினாள். "இன்னாமா பண்ற எங்க ஆள?"

"மூச்சு நின்னு போச்சு அக்கா. ரத்தத்த ஓட வைக்கிறேன். பதினொண்ணு, பன்னண்டு. வண்டி வேணும். உங்க பையன் சிட்டிபாபுவுக்கு ஆள் அனுப்புங்க."

ஆள் ஏற்கெனவே போயிருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், முதலில் சண்டை நடந்தது, அடுத்து அரிகிருஷ்ணன் தரையில் கிடந்தார், அவர் மேல் வாத்தியார் மனைவி கவிழ்ந்து இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தாள் என்பதுதான். ஒருத்தி ஓடிப்போய், ரோட்டோரம் செங்கல் சிமென்ட் கடை வைத்திருந்த அவருடைய மகன் சிட்டிபாபுவிடம் அதை அப்படியே சொன்னாள்.

சிட்டிபாபுவுக்கு இருபத்தாறு வயது. அப்பாவைப் போலவே உடல்வாகு. வந்த வேகத்தில் தபீதாளின் தோளைப் பிடித்து இழுத்தான். ரவிக்கைக் கை கிழிந்தது. அவள் முதுகு சிமென்டில் மோதியது. எழப் போனவளின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவ இன்னா பண்ண நீ, இன்னா பண்ண" என்று அதையே கேட்டான்.

கை மாட்டிக்கொண்டாலும் தபீதாளின் வாய் எண்ணிக்கையை விடவில்லை. அமுக்குகிற அதே வேகத்தில் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை போகிறது என்று தெரியவேண்டும் என்பது தவிர அந்த நேரத்தில் அவளுக்கு வேறு யோசனை இல்லை.

பச்சையம்மா புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், அவள வுடு."

"யம்மா, இவ அப்பாவ அடிச்சிகினு கீறா, நீ இன்னா..."

"நான் இங்கியேதான் குந்திகினு கீறேன். அவ அமுக்கறப்ப ஒதடு செவந்துச்சி. நீ இழுத்த, கருத்துப் போச்சி. பாரு. வுடுடா அவள."

சிட்டிபாபு அப்பாவைப் பார்த்தான். அவன் பிடி தளர்ந்தபோது தபீதாளின் எண்ணிக்கை இருபத்திரண்டில் இருந்தது. அவள் தவழ்ந்து போய்க் குழியைத் தேடிக் கையை வைத்தாள்.

இன்னும் மூன்று சுற்று முடிவதற்குள் அவள் தோள் நடுங்க ஆரம்பித்தது. கண்ணை மறைத்த வியர்வையைத் துடைக்க முடியவில்லை. அமுக்குவது மறுபடியும் மேலோட்டமாகிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

"சிட்டிபாபு, இந்தப் பக்கம் முட்டி போடு. நீ அமுக்கு, நான் மூச்சு குடுக்கறேன்."

"எனக்குத் தெரியாதுக்கா."

"காட்டறேன். கையக் குடு." கிழிந்த ரவிக்கையோடு அவனுடைய விரலைப் பிடித்து விலாவோரமாக இழுத்துக்கொண்டு போனாள். "இதான் குழி. இதுக்கு மேல ரெண்டு வெரல் வுடு. அங்க உள்ளங்கை அடிய வை. இன்னொரு கை அது மேல. வெரல் விலால படக்கூடாது, தூக்கு. முழங்கைய மடக்காத. இப்ப ஒடம்பச் சாய்."

அவன் தொட்டும் தொடாமலும் அமுக்கினான்.

"பத்தல. இன்னும்."

"ஒடஞ்சிடப் போவுதுக்கா."

"ஏற்கெனவே ஒடஞ்சாச்சு. எலும்பு ஒட்டிக்கும். அமுக்கு. முழுசா மேல வர விடு, கைய மட்டும் எடுக்காத. எண்ணு."

அவன் எண்ணினான். இப்போது இரண்டு பேர் என்பதால் ஐந்து அமுக்குக்கு ஒரு மூச்சு என்று அவள் கணக்கை மாற்றினாள். அழுதுகொண்டே அமுக்கினாலும் பலசாலி, ஆழம் சரியாக விழுந்தது. இரண்டு தடவை கை கீழே நழுவி வயிற்றுப் பக்கம் வந்தது. இரண்டு தடவையும் அவள் பிடித்து மேலே வைத்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் வைக்கச் சொன்னார். இன்னொருவர் செருப்பை மோக்கக் காட்டச் சொன்னார். பச்சையம்மா யாரையும் கிட்டே விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அரிகிருஷ்ணன் குறட்டை போல ஒரு மூச்சு இழுத்தார். சிட்டிபாபு பயந்து கையை எடுத்துவிட்டான். தபீதாள் கழுத்தில் விரலை வைத்தாள். முதலில் தன் விரலின் துடிப்பே என்று நினைத்தாள். அது வேறு தாளத்தில் தட்டியது. மெலிசாக, விட்டுவிட்டு, பிறகு விடாமல்.

"இருக்கு" என்றாள். "வண்டி எங்க?"

செங்கல் ஏற்றுகிற டெம்போவில் கோணியை விரித்து அவரைக் கிடத்தினார்கள். வண்டலூர், பெருங்களத்தூர் என்று தாம்பரம் போகும்வரை தபீதாள் அவர் கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பச்சையம்மா தன் முந்தானையை எடுத்து அவளுடைய கிழிந்த தோளில் போர்த்தினாள்.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அரிகிருஷ்ணனின் தம்பி தட்சிணாமூர்த்தி நாலு பேரோடு வந்து இறங்கினார். அதற்குள் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இடது பக்கம் இரண்டு விலா முறிந்திருக்கிறது என்ற சேதி வராந்தாவுக்கு வந்திருந்தது.

"கரண்டு அடிச்சா எலும்பு எப்பிடி ஒடையும்? சண்ட போட்டு ஏறி மிதிச்சிருக்கா. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்காம வுடறதில்ல" என்றார் அவர், தபீதாள் காதில் படும்படி. சிட்டிபாபு ஏதோ சொல்ல வாயெடுத்தான். சித்தப்பா கையமர்த்தினார்.

டாக்டர் கேசவன் வெளியே வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். "அமுக்கினது யாரு?" என்று கேட்டார்.

தபீதாள் எழுந்து நின்றாள். சேறு காய்ந்து புடவை மொடமொடத்தது. "நான்தான் சார். எலும்பு ஒடஞ்சது ஆறாவது தடவை. கைய சரியான எடத்துலதான் வச்சேன்னு நெனைக்கிறேன். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." காலையிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது அந்த ஒரு கேள்விதான்.

"நடு எலும்பு மேல தோல் சிவந்திருக்கு, உள்ளங்கை அச்சு மாதிரி. எடம் சரிதான். ரெண்டங்குலம் கீழ இறங்கியிருந்தா ஈரல் கிழிஞ்சிருக்கும், ஓரமா போயிருந்தா நுரையீரல்ல குத்தியிருக்கும். அப்படி எதுவும் இல்ல. அந்த வயசுல விலா முறியறது சகஜம்." பிறகு தட்சிணாமூர்த்தி பக்கம் திரும்பினார். "எலும்பு ஒடையாம இருந்திருந்தா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க. நேரா சுடுகாட்டுக்குப் போயிருப்பீங்க. எழுதிக் குடுக்கறதுன்னா இதையும் சேத்து எழுதுங்க."

தட்சிணாமூர்த்தி எல்லோருக்கும் காபி வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். தபீதாளுக்கும் ஒன்று வந்தது.

அவள் அங்கிருந்தே டியூட்டிக்குப் போனாள். பதினொரு மணி ஆகியிருந்தது. கூட வேலை செய்யும் அருள்மேரி தன் அலமாரியிலிருந்த மாற்றுப் புடவையைக் கொடுத்தாள். போர்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் வலது உள்ளங்கையின் அடி வீங்கியிருப்பதைப் பார்த்தாள். அன்றைக்குப் பெரம்பூர் கேட்டவருக்கு விழுப்புரம் லைனைக் கொடுத்தாள். மூன்று தடவை இப்படி ஆனதும் சூப்பர்வைசர் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

தெருவில் கதை பலவிதமாக ஓடியது. எலும்பை உடைத்ததைவிட, வாயில் வாய் வைத்ததுதான் ஜனங்களுக்குப் பெரிதாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அதைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தபோது பச்சையம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். "ஆமா, வாயிலதான் வச்சா. காத்து வாய் வழியாத்தான் போவும். ஒன் ஆளுக்கு வந்தா நீ இன்னா, காது வழியா ஊதுவியா?" அதோடு அந்தப் பேச்சு குழாயடியில் நின்றது. மற்ற இடங்களில் நிற்க இன்னும் கொஞ்ச நாளானது. சுந்தர்சிங் காதிலும் விழுந்தது. பத்து நாள் அவளுடைய வீங்கிய கைக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தைலம் தடவிவிட்டார்.

அரிகிருஷ்ணன் பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மோட்டாரை மாற்றிப் போட ஆள் வந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போக வேண்டிய எர்த் கம்பி என்றைக்கோ அறுந்து தரையில் கிடந்ததாக அந்த ஆள் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் அரிகிருஷ்ணன் ஒரு மாசம் வெளியே வரவில்லை. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்வார் என்று பச்சையம்மா சொன்னாள். இப்போது அவள் காய் பறித்தால் இரண்டு கத்திரிக்காய் தபீதாள் வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்தது.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் அவரே வந்தார். சட்டை போட்டிருந்தார். நாற்காலியில் மெதுவாக, ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

"எலும்ப ஒடச்சிட்டியேமா" என்றார்.

"ஆமாண்ணா."

"மூச்சு இழுத்தா இன்னும் குத்துது." "எனக்கு அன்னிக்கி நடந்தது ஒண்ணுமே நெனப்பு இல்ல. அதுக்கு மின்னாடி ஒரு வாரமும் போயிடுச்சி. நீ எங்கிட்ட சண்டைக்கி வந்தேன்னு சொல்றாங்க. எதுக்கு வந்த?"

தபீதாள் யோசித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் சேறு அப்படியேதான் இருந்தது. "பாதையில தண்ணி நிக்குதுன்னு கேக்க வந்தேன்."

"நான் இன்னா சொன்னேன்?"

"பறந்து போன்னு சொன்னீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முகம் சுருங்கியது. "சிரிக்க வெக்காதமா" என்றார், மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டு. நன்றி என்று சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று பாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அடுத்த வாரம் ஆள் வைத்து ஓரமாக வாய்க்கால் வெட்டி சிமென்ட் பூசினார். பாதை ஏழடியாகவே இருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

சிட்டிபாபு மட்டும் அவள் கண்ணில் படாமலே இருந்தான். எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். கிழிந்த ரவிக்கைக்குப் பதிலாகத் துணி எடுத்து அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தான், அவ்வளவுதான். அப்பா வந்துபோன மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து தபீதாளும் சுந்தர்சிங்கும் வீடு திரும்பியபோது கேட்டருகில் நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நீ மறைக்காம சொல்லணும்."

"கேளு."

"அன்னிக்கி நான் ஒன்ன இழுத்துப் புடிச்சிகினு இருந்தேன் இல்ல. எவ்ளோ நேரம் இருக்கும்?"

சுந்தர்சிங் மனைவியைப் பார்த்தார். தபீதாள் பைபிளை மேசை மேல் வைத்தாள்.

"இருவத்திரெண்டு எண்ற நேரம். கால் நிமிஷம், இருவது செகண்டு இருக்கும்."

"எண்ணிகினு இருந்தியா?"

"எண்ணினேன்."

அவன் வாசற்பக்கம் திரும்பி நின்றான். அவன் உதடு அசைவது தெரிந்தது. ஒன்றிலிருந்து எண்ணுகிறான் என்று தபீதாளுக்குத் தெரிந்தது. எண்ணி முடிக்கும்வரை இருவரும் சும்மா இருந்தார்கள். அது அவள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

"இவ்ளோ நேரமா?" என்றான்.

"இவ்ளோ நேரந்தான்."

"இப்ப அவருக்கு மறதியா கீது. பால்காரன் பேரு மறந்துட்டாரு. நேத்து எம் பேர கூப்புட ரெண்டு தபா யோசிச்சாரு. அது இதனாலயா?"

"தெரியல சிட்டிபாபு. கரண்டாலயும் வரும். நான் முதல்ல நாலஞ்சு தடவ சரியா அமுக்கல, அதனாலயும் இருக்கலாம். டாக்டராலயே பிரிச்சுச் சொல்ல முடியாது."

அவன் தலையாட்டினான். அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று சொல்ல முடியாது. கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே ரோட்டுவரை நடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"பத்துன்னு சொல்லியிருக்கலாம்" என்றார் சுந்தர்சிங்.

"பத்து இல்லையே" என்றாள் தபீதாள். சற்று நேரம் கழித்து, "நாளைக்கு அவன அப்பாவக் கூட்டிக்கிட்டு டாக்டர் கேசவன்கிட்ட வரச் சொல்றேன். நானும் அரை நாள் லீவு போட்டுட்டு அவங்களோட போறேன்" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்ற உள்ளே போனாள்.